முர்னாவ்: வெளியூர்க்காரங்க பேர் வாங்கிக் குடுத்த ஒரு சந்தை ஊர்

மியூனிக்ல இருந்து கார்மிஷ் போற ரயில்ல ஏறினா ஒரு மணி நேரத்துக்குள்ள முர்னாவ் வந்துடும். நம்ம ஆளுங்க நிறைய பேரு அங்க இறங்கறதே இல்ல, ஜெர்மனியோட உயரமான மலை ஸுக்ஷ்பிட்ஸேதான் டார்கெட், 2962 மீட்டர், மேல போய் பனில நின்னு போட்டோ எடுத்துட்டு சாயங்காலம் அதே ரயில்ல திரும்பிடுவாங்க. நானும் இந்த பக்கம் குடிவந்த புதுசுல அப்படித்தான் சுத்தினேன். ஆனா இப்ப யாராவது ஊர்ல இருந்து வந்து "ஆல்ப்ஸ் பக்கம் எங்க போகலாம்"னு கேட்டா நான் முதல்ல சொல்றது முர்னாவ்தான். அது மலை ஊர் இல்ல, மலை ஆரம்பிக்கறதுக்கு கொஞ்சம் முன்னாடி இருக்கற ஊர். சுமார் 12,000 பேர் இருக்காங்க, ஒரு பக்கம் ஏரி, இன்னொரு பக்கம் பெரிய சதுப்பு நிலம், நடுவுல ஒரு மேட்டுல சரிவா இறங்கற கடைத்தெரு.

இந்த ஊரைப் பத்தி எனக்கு ரொம்ப நாளா மனசுல ஓடற விஷயம் ஒண்ணு இருக்கு. இன்னைக்கு முர்னாவ்னு சொன்னா உலகத்துக்கு ஞாபகம் வர்ற பேருங்க எல்லாமே கிட்டத்தட்ட வெளியில இருந்து வந்தவங்க. ரஷ்யாக்காரர், பெர்லின்ல பொறந்த பொண்ணு, ஹங்கேரி பாஸ்போர்ட் வச்சிருந்த எழுத்தாளர், போலந்து போர்க்கைதிங்க. அவங்கள ஊர் எப்படி நடத்துச்சுங்கறது எப்பவும் பெருமைப்படற மாதிரி இல்ல. ஆனா அவங்க விட்டுட்டுப் போனதுதான் இன்னைக்கு ஊரோட சொத்து. வேற நாட்டுல வந்து குடியிருக்கற என்னை மாதிரி ஆளுக்கு இந்தக் கதை வேற மாதிரி உறைக்குது.

கதை ஏரியில இருந்து ஆரம்பிக்குது. ஷ்டாஃபல்ஸேன்னு பேரு, நடுவுல ஏழு தீவு. அதுல பெரிய தீவான வோர்த்ல 8-ம் நூற்றாண்டுலேயே ஒரு மடம் இருந்திருக்கு. பேரரசர் சார்லமேன் காலத்துல, 810-ஐ ஒட்டி, அந்த மடத்தோட சொத்துக் கணக்கை எழுதி வச்சிருக்காங்க, அது இன்னைக்கும் இருக்கு, ஐரோப்பாவோட ஆரம்பகால பொருளாதார வரலாறு எழுதறவங்க எல்லாரும் எடுத்துக் காட்டற ஆவணம் அது. தேவாலயத்துல என்னென்ன வெள்ளிச்சாமான், எவ்வளவு நிலம், எத்தனை மாடுன்னு ஒண்ணு விடாம கணக்கு. அதுல ரெண்டு வரி எனக்கு மறக்கவே மாட்டேங்குது. புல்வெளில இருந்து 610 வண்டி காஞ்ச புல் கிடைக்கும்னு ஒரு வரி. துணி நெய்யற கூடம் ஒண்ணு இருக்கு, அதுல 24 பொம்பளைங்கன்னு இன்னொரு வரி. பேரு கிடையாது, வெறும் 24. பக்கத்துலயே அந்தக் கூடத்துல இருந்த துணிக்கும் கணக்கு. 1200 வருஷத்துக்கு முன்னாடி இந்தக் குளிர்ல, இந்தத் தண்ணிக்கு நடுவுல உக்காந்து துணி நெய்துக்கிட்டு இருந்தவங்களப் பத்தி மிஞ்சினது அவ்வளவுதான். இப்பவும் வருஷா வருஷம் கார்ப்பஸ் கிறிஸ்டி திருநாள் அன்னைக்கு பக்கத்து ஸேஹவுஸன் கிராமத்துல இருந்து ஜனங்க படகுல பூ வச்சு அலங்காரம் பண்ணிட்டு ஊர்வலமா அந்தத் தீவுக்குப் போறாங்க.

ஊர் வளர்ந்தது ரோட்டாலதான். இத்தாலில இருந்து ஆல்ப்ஸைத் தாண்டி வர்ற வழில மிட்டன்வால்ட், பார்டென்கிர்ஷன், அப்புறம் இந்த மேடு. மலைல இருந்து இறங்கற வண்டிக்கு இங்க ஒரு நிறுத்தம், குதிரை மாத்தணும், சாப்பிடணும், தூங்கணும், அச்சு உடைஞ்சா கொல்லன் வேணும். 1330-ல எட்டால் மடத்தைக் கட்டின பவேரியாவோட பேரரசர் லுட்விக், 1332-ல முர்னாவை அந்த மடத்துக்கே குடுத்துட்டாரு. அதுக்கப்புறம் 1803-ல மடங்களோட சொத்தை எல்லாம் அரசாங்கம் எடுத்துக்கற வரைக்கும், கிட்டத்தட்ட 470 வருஷம், இந்த ஊருக்கு எஜமான் எட்டால் சாமியார்ங்கதான். பவேரியாவுல சந்தை உரிமை வாங்கின ஊருங்களுக்கு தனி அந்தஸ்து உண்டு, கிராமத்துக்கு மேல, நகரத்துக்குக் கீழ. இன்னைக்கு சட்டப்படி அதனால எந்த லாபமும் இல்ல, ஆனாலும் ஊருங்க அந்தப் பட்டத்தை விட மாட்டாங்க. ஒலிம்பிக்ஸ் நடத்தின கார்மிஷ்-பார்டென்கிர்ஷனே இன்னும் நகரம் ஆகல, சந்தை ஊர்தான். முர்னாவும் அப்படியே.

கடைத்தெருவைப் பாக்கறவங்க எல்லாரும் "எவ்வளவு பழைய ஊர்"னு சொல்லுவாங்க. மஞ்சள், இளஞ்சிவப்பு, பச்சை, நீலம்னு ஒவ்வொரு வீடும் ஒரு கலர், இரும்புல செஞ்ச பழைய போர்டு தொங்கும், நடுவுல மாதா தூண், தெரு தெற்கே சரிஞ்சு இறங்கற இடத்துல மலை அப்படியே எழுந்து நிக்கும். ஆனா இந்த அழகு ஒரு ஆர்க்கிடெக்ட் யோசிச்சு செஞ்சது. எமானுவேல் ஃபொன் ஸைட்ல்னு மியூனிக்ல பெரிய பேரு வாங்கினவர், இங்க தனக்குன்னு ஒரு பங்களா கட்டிக்கிட்டு வந்தவர், 1906-ல இருந்து சில வருஷம் கடைக்காரங்க, வீட்டுக்காரங்க கூட உக்காந்து பேசி முகப்பு எல்லாத்தையும் கலர் கலரா மாத்தினாரு. அவரோட தோட்டத்துல 1910-ல நாடக இயக்குநர் மாக்ஸ் ரைன்ஹார்ட் வந்து ஷேக்ஸ்பியர் நாடகம் போட்டிருக்காரு, நிஜ மரங்களுக்கு நடுவுல, திறந்த வெளில. பங்களா இப்ப இல்ல, பார்க் இருக்கு. ரயிலடில இருந்து நடந்து போற தூரம்தான், நிறைய டூரிஸ்ட் எட்டிக்கூட பாக்க மாட்டாங்க, நீங்க பாருங்க.

ரயில்னு சொன்னதும் ஒரு விஷயம் சொல்லியே ஆகணும், எனக்கு ரயில் பைத்தியம் உண்டு, பொறுத்துக்கோங்க. மெயின் லைன் 1879-ல முர்னாவ் வந்துடுச்சு, 1889-ல கார்மிஷ் வரைக்கும் நீண்டுச்சு. இங்க இருந்து பிரியற சின்ன லைன் ஒண்ணு, ஓபராம்மர்காவ் போறது, மொத்தம் 24 கிலோமீட்டர் கூட வராது. பத்து வருஷத்துக்கு ஒருதரம் ஏசுவோட பாடுகள் நாடகம் போடற ஊர் அது, 1900 நாடகத்துக்கு வர்ற கூட்டத்துக்காக அவசரமா போட்ட லைன். எலக்ட்ரிக்ல ஓட்டறதுதான் பிளான், அந்த ஏற்பாடு நடுவுல கவுந்துடுச்சு, நீராவி இன்ஜினை வச்சு சமாளிச்சாங்க. அப்புறம் 1905 ஜனவரி 1-ல இருந்து சிங்கிள் ஃபேஸ் ஏசி கரன்ட்ல ஓட ஆரம்பிச்சுது, 5500 வோல்ட், 16 ஹெர்ட்ஸ், கரன்ட் அம்மர் ஆத்துல இருக்கற காம்மெர்ல் நீர்மின் நிலையத்துல இருந்து. குறைஞ்ச ஃப்ரீக்வென்சி ஏசில ரயில் ஓட்ட முடியும்னு ஜெர்மனில முதல்ல ஓட்டிக் காமிச்ச லைன் இது. இன்னைக்கு ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, சுவீடன், நார்வேன்னு அஞ்சு நாட்டு மெயின் லைன் ஓடற முறைக்கு இது ஒரு முன்னோடி. அந்த லைன்ல ஓடின முதல் எலக்ட்ரிக் இன்ஜினுக்கு காத்தரீனான்னு பேரு வச்சிருந்தாங்க. முர்னாவ் ஸ்டேஷன்ல ஓரமா நிக்கற அந்த ரெண்டு பெட்டி ரயிலைப் பாத்தா இதெல்லாம் யாருக்குத் தோணும்.

சரி, ஓவியர்ங்க கதைக்கு வருவோம். 1908 கோடையில நாலு பேரு இங்க வந்து தங்கினாங்க. வாஸிலி காண்டின்ஸ்கி, கப்ரியேலே ம்யூன்டர், அலெக்ஸெய் யவ்லென்ஸ்கி, மரியான்னே ஃபொன் வெரெஃப்கின். மூணு பேரு ரஷ்யாக்காரங்க, ம்யூன்டர் மட்டும் ஜெர்மன், பெர்லின்ல பொறந்தவங்க. தங்கினது க்ரீஸ்ப்ராய்ங்கற விடுதில, அது இன்னைக்கும் கடைத்தெருவுல இருக்கு. அந்த சில வாரத்துல அவங்க வரையற விதமே மாறிப்போச்சு. அதுவரைக்கும் கத்தியால சின்னச் சின்னதா பெயின்ட் வச்சு வரைஞ்சுக்கிட்டு இருந்தவங்க, திடீர்னு பெரிய பெரிய கலர் பரப்பு, கறுப்புக் கோடு, நீல மலை, ஆரஞ்சு வானம்னு போயிட்டாங்க. கொஞ்சம் இந்த ஊர் வெளிச்சமும் காரணம். தெற்கே இருந்து மலையைத் தாண்டி இறங்கற ஃபோயென்னு ஒரு சூடான காஞ்ச காத்து அடிக்கும், அன்னைக்கு காத்துல ஈரமே இருக்காது, முப்பது நாப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கற மலை கை நீட்டினா தொடலாம் போல வந்து நிக்கும், நீலம் அவ்வளவு அழுத்தமா இருக்கும். ஊர்க்காரங்க நிறைய பேருக்கு அன்னைக்கு தலைவலி. எனக்கும் வரும், ஆனா அந்த நீலத்தைப் பாக்கறதுக்காக தலைவலியோட வெளிய நிப்பேன்.

இன்னொரு காரணம் கண்ணாடி. முர்னாவ், ஸேஹவுஸன், ஊஃபிங் இந்த ஊருங்கள்ல 18, 19-ம் நூற்றாண்டுல கண்ணாடிக்குப் பின்னாடி சாமி படம் வரையறது குடிசைத் தொழில். முதுகுல மரச்சட்டம் கட்டிக்கிட்டு அதுல படங்களை அடுக்கி ஊர் ஊரா நடந்து போய் வித்திருக்காங்க. நம்ம தஞ்சாவூர், செட்டிநாட்டுப் பக்கம் கண்ணாடி ஓவியம் பாத்தவங்களுக்கு உடனே புரியும், வேலை எல்லாமே தலைகீழ். சாதாரண படத்துல கடைசியா போடற கோடு, கண்ணோட புள்ளி, துணியோட மடிப்பு, இதையெல்லாம் முதல்ல போட்டுடணும், அப்புறம் முகத்துக்குக் கலர், அப்புறம் துணிக்கு, பின்னணி கடைசி. தப்பு வந்தா மேல இன்னொரு பூச்சு பூசி மறைக்க முடியாது, ஏன்னா முதல்ல போட்டதுதான் பாக்கறவன் கண்ணுக்கு முன்னாடி நிக்கும். ஊர்ல பீர் காய்ச்சற யொஹான் க்ரோட்ஸ்னு ஒருத்தரு கிட்ட இந்தப் படங்க ஆயிரம் கிட்ட இருந்துச்சு, அதைப் பாத்துதான் இந்த நாலு பேருக்கும் கண் திறந்துச்சு. அந்தத் தொகுப்பு இப்ப ஓபராம்மர்காவ் ம்யூசியத்துல இருக்கு. ம்யூன்டர் ஒரு படி மேல போய், இந்தத் தொழிலை இன்னும் விடாம செஞ்சுக்கிட்டு இருந்த ஹைன்ரிஷ் ராம்போல்ட் கிட்ட நேரா போய் கத்துக்கிட்டாங்க. பெரிய நகரத்து ஓவியப் பள்ளில படிச்ச ஒருத்தி, கிராமத்துக் கைவினைக்காரர் பக்கத்துல உக்காந்து கத்துக்கறது அந்தக் காலத்துல சாதாரண விஷயம் இல்ல. அவங்க படத்துல வர்ற தடிமனான கறுப்புக் கோட்டைப் பாருங்க, அது இந்தக் கண்ணாடில இருந்து வந்தது.

1909-ல ம்யூன்டர் ஊருக்கு வெளிய ஒரு மேட்டுல தன் பேர்ல வீடு வாங்கினாங்க. காண்டின்ஸ்கியும் அவங்களும் கல்யாணம் பண்ணிக்காம சேர்ந்து இருந்தாங்க, கத்தோலிக்க ஊர்ல அது எப்படிப் பேசப்பட்டிருக்கும்னு யோசிச்சுக்கோங்க. ஜனங்க அந்த வீட்டுக்கு வச்ச பேரு "ரஷ்யாக்காரர் வீடு". இப்ப ம்யூசியம். உள்ள போனதும் மரப்படிக்கட்டு, அதோட பக்கவாட்டுப் பலகைல காண்டின்ஸ்கி கையால வரைஞ்ச குதிரைக்காரங்க வரிசையா மேல ஏறிப் போறாங்க, நடுவுல நடுவுல பூ. ஸ்டென்சில் வச்ச மாதிரி எளிமையான உருவம், பெயின்ட் அங்கங்க தேஞ்சிருக்கு. மேஜை, அலமாரிக்கும் அவங்களே பெயின்ட் அடிச்சிருக்காங்க. ஜன்னல்ல நின்னா எதிர் மேட்டுல தேவாலயமும் கோட்டையும் தெரியும், கீழ ரயில் தண்டவாளம் ஓடுது. காண்டின்ஸ்கி 1909-ல வரைஞ்ச படத்துல கறுப்பா ஒரு ரயில் புகையோட பறக்குமே, அது இந்தத் தண்டவாளம்தான். இப்பவும் அதே இடத்துல ரயில் போகும்போது வீட்டுக்குள்ள சத்தம் கேக்கும். இன்னொரு ஓவியர் ஃப்ரான்ஸ் மார்க் பக்கத்து ஸிண்டெல்ஸ்டார்ஃப்ல இருந்தாரு, 1911-ல இந்த ரெண்டு ஊருக்கும் நடுவுல போய் வந்து பேசித்தான் 'நீலக் குதிரைக்காரன்'ங்கற ஓவியர் குழுவே உருவாச்சு.

அதெல்லாம் 1914 ஆகஸ்ட்ல முடிஞ்சுது. போர் வந்ததும் ரஷ்யாக்காரன் எதிரி நாட்டுக்காரன், காண்டின்ஸ்கி சில நாளுக்குள்ள ஜெர்மனியை விட்டுப் போக வேண்டியதாச்சு. ம்யூன்டர் ஸ்காண்டிநேவியா போய் வருஷக்கணக்குல அவருக்காகக் காத்துக்கிட்டு இருந்தாங்க. அவரு 1917-ல மாஸ்கோல வேற ஒரு பொண்ணைக் கல்யாணம் பண்ணிக்கிட்டாரு. நான் காண்டின்ஸ்கி படங்களை விரும்பற ஆள்தான், ஆனா இந்த இடத்துல அவர் மேல எனக்கு இருக்கற கோவம் இன்னும் தணியல. ம்யூன்டர் ரொம்ப வருஷம் சரியா வரையவே இல்ல. 1931-ல முர்னாவுக்கே திரும்ப வந்துட்டாங்க, அதே வீட்டுக்கு. நாஜி ஆட்சி வந்து நவீன ஓவியத்தை எல்லாம் சீரழிஞ்ச கலைன்னு சொல்லி பறிமுதல் பண்ணிக்கிட்டு இருந்தப்ப, காண்டின்ஸ்கி விட்டுட்டுப் போன படங்களையும் நண்பர்கள் படங்களையும் வீட்டு நிலவறைல பதுக்கி வச்சாங்க. தன்னை விட்டுட்டுப் போனவரோட படத்தை. போர் முழுக்க, அதுக்கப்புறம் அமெரிக்க ராணுவம் வீடு வீடா தேடினப்பவும், அது வெளிய வரல. 1957-ல தன்னோட 80-வது பிறந்தநாளை ஒட்டி மியூனிக் லென்பாக்ஹவுஸ் ம்யூசியத்துக்கு மொத்தத்தையும் குடுத்துட்டாங்க, ஆயிரத்துக்கும் மேல, அதுல காண்டின்ஸ்கியோட ஆயில் பெயின்டிங் மட்டும் சுமார் 90. 1962-ல இதே வீட்டுல இறந்தாங்க. ஊர் தேவாலயத்துக்குப் பக்கத்து கல்லறைத் தோட்டத்துல இருக்காங்க.

இப்ப கஷ்டமான பகுதி. முர்னாவ் அழகான ஊர், ஆனா நாஜிங்களுக்கு ரொம்ப சீக்கிரமே இடம் குடுத்த ஊரும் கூட. ஹிட்லரோட ஆரம்பகாலப் பொருளாதார சித்தாந்தி கோட்ஃப்ரீட் ஃபேடர் இங்கதான் வீடு வச்சிருந்தான், 1941-ல இங்கதான் செத்தான். முர்னாவுக்கு முந்தின ஸ்டேஷன் ஊஃபிங் இருக்கே, 1923 நவம்பர்ல மியூனிக்ல ஆட்சியைப் பிடிக்கப் பாத்த முயற்சி தோத்த பிறகு ஹிட்லர் ஓடி வந்து ஒளிஞ்சு கைதானது அந்தக் கிராமத்துல ஒரு வீட்டுலதான். ரயில் அங்க ஒரு நிமிஷம் நின்னுட்டுப் போகும்.

இதையெல்லாம் கிட்ட இருந்து பாத்து எழுதினவர் ஓடொன் ஃபொன் ஹோர்வாத். அவரோட அப்பா ஹங்கேரி தூதரக அதிகாரி, 1924-ல இங்க வில்லா கட்டினாங்க, ஹோர்வாத் அங்க உக்காந்து நாடகம் எழுதினாரு. தெருவுல, பீர் ஹால்ல, ஏரிக்கரைல ஜனங்க பேசறதைக் கேட்டு, அந்த சின்ன ஊர்ப் பேச்சுக்குள்ள வெறுப்பு எப்படி வளருதுன்னு காட்டினாரு. ஜெர்மன் குடியுரிமைக்கு இங்க மனு போட்டாரு, கிடைக்கல. (அந்த கவுன்ட்டர் முன்னாடி பேப்பரோட நின்னு காத்திருக்கறது என்னன்னு எங்களுக்குத் தெரியும்.) 1931 பிப்ரவரி 1-ல கிர்ஷ்மைர்ங்கற விடுதி ஹால்ல சோஷலிஸ்ட் கட்சி கூட்டத்துல நாஜிங்க புகுந்து பெரிய அடிதடி, நாற்காலி, பீர் மக் எல்லாம் பறந்துச்சு. ஹோர்வாத் அங்க இருந்தாரு, கோர்ட்ல சாட்சி கூண்டுல ஏறி அவங்களுக்கு எதிரா சொன்னாரு. ரெண்டு வருஷம் கழிச்சு, 1933 பிப்ரவரி 10, ஹிட்லர் ஆட்சிக்கு வந்து பதினோரு நாள்தான் ஆச்சு, கடைத்தெருவுல ஹோட்டல் போஸ்ட்ல சாப்பிட்டுக்கிட்டு இருக்காரு, ரேடியோல ஹிட்லர் பேச்சு சத்தமா ஓடுது. அதை நிறுத்தச் சொல்லிக் கேட்டாரு. அவ்வளவுதான், ஊருக்குள்ள அவரால அப்புறம் இருக்க முடியல. கிளம்பிட்டாரு. 1938 ஜூன் 1-ல பாரிஸ்ல புயல்ல ஒரு மரக்கிளை முறிஞ்சு தலைல விழுந்து செத்துப்போனாரு, வயசு 36. ஊர் ரொம்ப வருஷம் அவரை மறந்தே போயிருந்துச்சு, இப்ப கோட்டை ம்யூசியத்துல அவருக்குன்னு தனிப் பகுதியே இருக்கு. ஓவியங்களைப் பாத்துட்டு டயர்ட் ஆகி நிறைய பேரு அதை விட்டுடறாங்க, தயவுசெஞ்சு விடாதீங்க.

இந்த ஊர்லயே பொறந்த ஒருத்தரும் இருக்காரு, க்ரிஸ்டோஃப் ப்ரோப்ஸ்ட், 1919 நவம்பர் 6. மெடிக்கல் ஸ்டூடன்ட், நாஜிங்களை எதிர்த்து ரகசியமா துண்டறிக்கை போட்ட வெள்ளை ரோஜாங்கற மாணவர் குழுவுல இருந்தாரு. அதே குழுவுல இருந்த ஹான்ஸ் ஷோல் பிடிபட்டப்ப அவரு பாக்கெட்ல ப்ரோப்ஸ்ட் கைப்பட எழுதின துண்டறிக்கை வரைவு இருந்துச்சு, கிழிச்சுப் போடப் பாத்தும் முழுசா அழிக்க முடியல. 1943 பிப்ரவரி 22-ல காலைல விசாரணை, அன்னைக்கு சாயங்காலமே மியூனிக் ஜெயில்ல ஹான்ஸ், அவரோட தங்கச்சி ஸோஃபி ரெண்டு பேரோட சேத்து தலையை வெட்டிட்டாங்க. வயசு 23. மூணு குழந்தை, கடைசிக் குழந்தை பொறந்து சில வாரம்தான் ஆகியிருந்துச்சு. ஃபேடர் செத்த ஊரும் ப்ரோப்ஸ்ட் பொறந்த ஊரும் ஒண்ணுதான்.

ஊர் ஓரத்துல இருக்கற ராணுவ முகாம் போர் காலத்துல போலந்து அதிகாரிங்களுக்கான சிறை, கடைசில 5000-க்கும் மேல பேர் இருந்தாங்க, ஜெனரல்ங்க உட்பட. உள்ளயே நாடகம் போட்டாங்க, வகுப்பு நடத்தினாங்க. 1945 ஏப்ரல் 29-ல அமெரிக்காவோட 12-வது டாங்கிப் படை ஒரு பக்கத்துல இருந்து வருது, அதே நேரத்துல எதிர்ப்பக்கம் இருந்து நாஜிங்களோட எஸ்எஸ் படை கார்ங்க வருது, முகாம் வாசல் முன்னாடியே ரெண்டும் மோதிக்கிச்சு. கைதிங்க வேலிக்குப் பின்னாடி நின்னு பாத்துக்கிட்டே இருந்தாங்க. இதெல்லாம் எழுத்துல மட்டும் இல்ல, போட்டோவும் இருக்கு. 1999-ல தெற்கு பிரான்ஸ்ல ஒரு ஊர்ல குப்பைத்தொட்டில கிடந்த மரப்பெட்டியை ஒரு பையன் எடுத்துப் பாத்தான், உள்ள சுமார் 300 நெகட்டிவ். பெண் வேஷம் போட்ட கைதிங்க மேடைல நடிக்கறது, வாசல்ல டாங்கி வந்து நிக்கறதுன்னு எல்லாமே முர்னாவ் முகாம்.

கடைசியா சதுப்பு. என்னைக் கேட்டா ஊர்லயே பெரிய விஷயம் இதுதான். முர்னாவர் மோஸ், 30 சதுர கிலோமீட்டருக்கு மேல. பனிக்காலப் பனிப்பாளம் தோண்டிட்டுப் போன பள்ளம் ஏரியாகி, ஏரி தூர்ந்து சதுப்பாச்சு, செத்த பாசி மேல பாசி வளர்ந்து வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர்னு ஏறிக்கிட்டு வந்திருக்கு. நடுவுல தீவு மாதிரி பாறைக்குன்றுங்க நிக்குது, அதுல பெரிய குன்றை உடைச்சு உடைச்சு ஜல்லி எடுத்திருக்காங்க, 2000-ஐ ஒட்டித்தான் அந்த குவாரி நின்னுச்சு. இந்த சதுப்பைக் காப்பாத்தணும்னு வருஷக்கணக்கா போராடினவங்க இங்க உயிரியல் டீச்சரா இருந்த இங்கெபொர்க் ஹெக்கல், விஞ்ஞானி எர்ன்ஸ்ட் ஹெக்கலோட பேத்தி. அவங்களும் வெளியூர்தான். செடிகளைக் கணக்கெடுத்து, ஆபீஸ் ஆபீஸா எழுதிப் போட்டு, 1980-ல அது இயற்கைக் காப்பிடம் ஆச்சு.

காப்பிடம்னா மனுஷன் கையே வைக்காம விடறதுன்னு நினைச்சுடாதீங்க. இங்க மழையும் குளிரும் அதிகம், தானியம் சரியா விளையாது, அதனால வைக்கோல் இல்ல. குளிர்காலத்துல மாட்டுக்குக் கீழ பரப்ப ஏதாவது வேணுமே, அதுக்காக சதுப்போட ஓரத்துப் புல்லை வருஷத்துக்கு ஒரே ஒரு தரம், இலையுதிர் காலத்துல, புல் காஞ்சு மாடு திங்காத பக்குவத்துக்கு வந்த பிறகு வெட்டுவாங்க. நூத்துக்கணக்கான வருஷமா இப்படி லேட்டா வெட்டினதாலதான் பூ எல்லாம் விதை விட நேரம் கிடைச்சுது, ஐரிஸ், ஆர்க்கிட், ஜென்ஷியன் எல்லாம் தங்குச்சு, தரையில கூடு கட்டற கார்ன்கிரேக் பறவை குஞ்சு பொரிக்க முடிஞ்சுது. வெட்டறதை நிறுத்தினா சில வருஷத்துல நாணலும் புதரும் மூடிடும். அதனால இப்ப விவசாயிங்களுக்கு அரசாங்கம் காசு குடுத்து வெட்ட வைக்குது. ஒருதரம் அந்தப் பாதைல ஒரு பெரியவர் வெட்டின புல்லை வாரிக்கிட்டு இருந்தாரு, நின்னு பேச்சு குடுத்தேன். "மெஷின் இறங்கினா முங்கிடும், அதுக்காக அகலச் சக்கரம் போட்டது வேணும், அதுவும் போகாத இடத்துல கையாலதான்"னு சொன்னாரு. அந்த மண்ணை காலால அமுக்கிக் காட்டினாரு, ஷூவைச் சுத்தி பழுப்புத் தண்ணி ஊறி மேல வந்துச்சு, காலை எடுத்ததும் மண் மெதுவா பழைய இடத்துக்கு எழுந்துச்சு. 810-ல எழுதின அந்த 610 வண்டி புல் எனக்கு அப்பதான் வெறும் நம்பரா தெரியல.

இந்த ஈரத்துக்கே பழகின மாட்டு இனம் ஒண்ணும் உண்டு, முர்னாவ்-வெர்டென்ஃபெல்ஸர், மஞ்சள் கலந்த பழுப்பு, மூக்கைச் சுத்தி வெளுப்பு வளையம், கெட்டியான குளம்பு. மோசமான புல்லைத் தின்னும் பால் கறக்கும், வண்டியும் இழுக்கும். நிறைய பால் குடுக்கற இனம் வந்த பிறகு இதை வளர்க்கறவங்க குறைஞ்சு, இப்ப அழியற நிலைமைல இருக்கற இனங்க பட்டியல்ல இருக்கு. சதுப்போரமா மேயறதைப் பாத்தா நின்னு பாருங்க.

இன்னைக்கு ஊர் டூரிஸ்ட்டை மட்டும் நம்பி இல்ல. விபத்து சிகிச்சைக்குன்னே இருக்கற பெரிய ஆஸ்பத்திரி 1953-ல இருந்து இங்க இருக்கு, மலைல விழுந்தவங்களை ஹெலிகாப்டர்ல கொண்டு வருவாங்க, ஊரோட பெரிய முதலாளி அதுதான்னு சொல்லலாம். அங்க வேலை பாக்கற நர்ஸ்ங்க, டாக்டர்ங்க பல நாட்டுக்காரங்க, கடைத்தெருவுல நம்ம மலையாளமும் காதுல விழும். வாடகை மியூனிக் அளவுக்கு ஏறி, இங்கயே பொறந்த பசங்களுக்கு வீடு கிடைக்கறது கஷ்டமாயிடுச்சு, அது நியாயமான வருத்தம்.

போறவங்களுக்கு: திங்கக்கிழமை போகாதீங்க, ரெண்டு ம்யூசியமும் மூடியிருக்கும். ம்யூன்டர் வீடு மதியத்துக்கு மேலதான் திறக்கும், அதனால காலைல ஏன்ட்ல்னு சொல்ற சின்ன தேவாலயத்துல இருந்து தொடங்கி சதுப்பைச் சுத்தற 12 கிலோமீட்டர் பாதைல நடங்க, அப்புறம் ஊருக்குள்ள வந்து சாப்பிட்டுட்டு ம்யூன்டர் வீட்டுக்குப் போங்க. ஐரிஸ் பாக்கணும்னா மே கடைசி, ஜூன். புல் வெட்டறதைப் பாக்கணும்னா செப்டம்பர், அக்டோபர். தண்ணி இறங்காத ஷூ போட்டுக்கிட்டுப் போங்க, பாதையை விட்டு மட்டும் இறங்காதீங்க, கீழ கூடு இருக்கலாம்.